பன்றிக் கொழுப்பு டின்னுக்குள் கிடந்த போல்ட்

நம்பச் சொல்லி உங்கள் காலில் விழப் போவதில்லை. நம்பாவிட்டால் எனக்கு நஷ்டமும் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். இதில் முக்கால்வாசி என் சிநேகிதன் வெண்டல் டெர்வோவுக்கு நடந்தது. அவன் சொன்னதை, அவன் மனைவி மார்லிஸையும் தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் எழுதுகிறேன். கடைசியில் வருகிற ஒரு சத்தம் மட்டும் நானே என் காதால் கேட்டது. அதைக் கேட்டிருக்காவிட்டால் இந்தக் கதையை நானே சிரித்துத் தள்ளியிருப்பேன்.

மேல் மிச்சிகனில், பெரிய ஏரியை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். வெண்டலும் நானும் பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேர்ப்பவர்கள். சுடுவதற்காக அல்ல. இது ஒரு பைத்தியம், அவ்வளவுதான். ஒரு துப்பாக்கியை வெண்டல் கையில் கொடுத்தால் போதும். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, எந்த நாடு, எந்தப் பட்டறை, எந்த வருஷம் என்று அதற்கு ஜாதகமே கணித்துவிடுவான். குழலில் வியாபாரியின் முத்திரை இல்லையென்றால், 'இது கடைச் சரக்கு இல்லை, எவனோ சிப்பாய் போரிலிருந்து தன் கையால் கொண்டுவந்தது' என்பான். அவன் கணக்கு தப்பவே தப்பாது.

இந்தப் பைத்தியத்தில் எங்களுக்குப் பெரிய விஷயம் எண். துப்பாக்கியின் உடம்பில் ஓர் எண் வெட்டியிருக்கும். அதன் முதுகில் முன்னும் பின்னும் இழுக்கிற கைப்பிடி வைத்த இரும்புத் தண்டு ஒன்று உண்டு, போல்ட் என்போம். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் கட்டை. அந்த போல்ட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். போர்க்களத்தில் அதையும் இதையும் மாற்றிப் போட்டுவிடுவதால் முக்கால்வாசி பொருந்தாது. பொருந்தாததை நாங்கள் 'கதம்பம்' என்று கேலி செய்வோம். பொருந்தியது கிடைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அந்த டிசம்பரில் ஹெல்மி ருவோனா என்ற கிழவி செத்துப்போனாள். தொண்ணூறைத் தாண்டியவள். எங்கள் பக்கம் மண் உறைந்துவிட்டால் குழி தோண்ட முடியாது. பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கல்கட்டிடத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, மே மாதம் மண் இளகியதும் புதைப்போம். அவளையும் அப்படித்தான் வைத்தார்கள். தூரத்து ஊரிலிருந்து மகள் எலெய்ன் வந்து, வீட்டை விற்பதற்காகச் சாமான்களை ஜனவரி கடைசியில் விலை போட்டாள்.

அங்கேதான் வெண்டல் அந்த ஜெர்மன் துப்பாக்கியை வாங்கினான். வியாபாரி முத்திரை இல்லை. ஹெல்மியின் புருஷன் வெய்க்கோ போரிலிருந்து கொண்டுவந்தது. உடம்பில் 6218 என்று எண். எல்லாம் அருமை. போல்ட் மட்டும் இல்லை.

"போல்ட் எங்கம்மா?" என்று வெண்டல் கேட்டான்.

"தெரியாதுங்க. அம்மா எங்கயோ தூக்கிப் போட்டுட்டா. நான் சின்னப் பொண்ணா இருக்கறப்பவே" என்றாள் எலெய்ன். சொல்லிவிட்டு அடுத்த சாமானுக்கு விலைச் சீட்டு ஒட்டப் போனாள்.

வெண்டலுக்கு மனசு ஆறவில்லை. ஒரு துப்பாக்கியின் போல்ட்டை எந்த வீட்டிலும் சும்மா தூக்கிப் போடமாட்டார்கள், வீட்டுக்குள்தான் எங்கேயோ கிடக்கும் என்று அவன் கணக்கு. ஹெல்மி வீட்டு நிலவறையில் காலி ஜாடிகளுக்குப் பின்னால் ஒரு பழைய டின் இருந்தது. பன்றிக் கொழுப்பை உருக்கி ஊற்றி இறுகவிட்ட டின். தூக்கிப் பார்த்தான். கொழுப்புக்கு இவ்வளவு கனம் கிடையாது. அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது கனம்.

"இந்த ஜாடி, டின்னையெல்லாம் நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துட்டுப் போங்க, எனக்கு வேலை மிச்சம்" என்றாள் அவள்.

டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று தான் நினைத்ததை அவளிடம் அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

இப்போது ஆர்விட் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெண்டலின் தம்பி. பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனாள், சுரங்கத்தில் வேலையும் போயிற்று. நவம்பரிலிருந்து அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தான். எது கேட்டாலும் 'நல்லாத்தான் இருக்கேன்' என்பான். ஆள் பாதியாக இளைத்துவிட்டான். அவன் வந்த அன்றே மார்லிஸ் புருஷனை அழைத்து, "உன் துப்பாக்கி, தோட்டா எல்லாத்தையும் இரும்புப் பெட்டியில போட்டுப் பூட்டு. ஒண்ணு வெளிய இருந்தாலும் நான் இந்த வீட்ல இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவன் தன்னையே ஏதாவது செய்துகொள்வானோ என்று அவளுக்குப் பயம். வெண்டலுக்கும் உண்டு, ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டான். எல்லாவற்றையும் எண் பூட்டுப் போட்ட பெட்டியில் அடைத்தான்.

புதிதாக வந்தது மட்டும் நிலவறைச் சுவரில் தொங்கியது. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவியிருந்தான். அது காய நாலைந்து நாள் காற்றாட வேண்டும்.

"அதையும் உள்ள வை" என்றாள் மார்லிஸ்.

"போல்ட்டே இல்லாத கட்டை அது. அத வெச்சு மாவுதான் உருட்டலாம்."

அன்று மத்தியானமே அந்த டின்னை அடுப்பில் வைத்து உருக்கினான். கொழுப்பு இளக இளக, அடியிலிருந்து இரும்பு தலை நீட்டியது. துரு ஒரு பொட்டு இல்லை. துடைத்துவிட்டுக் கைப்பிடியின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். உடனே எனக்குப் போன்.

"ஆறு, ரெண்டு, ஒண்ணு, எட்டு. அதுலயும் இதுலயும்."

"பொய் சொல்லாதடா. கண்ணாடிய மாத்து."

"வந்து பாரு. பாத்து வயிறெரிஞ்சு சாவு" என்று சிரித்தான்.

எனக்கு வயிறு எரிந்தது உண்மைதான். அவன் போனை வைத்துவிட்டு போல்ட்டைத் துப்பாக்கியில் மாட்டினான். அத்தனை வருஷம் கழித்தும் வெண்ணெய் மாதிரி உள்ளே போயிற்று. மாட்டியதைத் திரும்பக் கழற்ற அவனுக்கு மனசு வரவில்லை. நாளைக்குப் போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே சுவரில் தொங்கவிட்டான். மார்லிஸிடம் மூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்தேகால். பிப்ரவரி, வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மூன்று பேரும் சமையலறையில். மார்லிஸ் அடுப்பண்டை நின்றாள். ஆர்விட் மேஜையில் உட்கார்ந்து காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே, நிலவறையில், சத்தம்.

க்ளக்... சர்ர்ர்... டக்.

கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, போல்ட்டை முழுசாக வெளியே உருவுகிற சத்தம். அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் வெண்டலுக்குத் தெரியும்.

"யாரு கீழ?" என்றான்.

"யாரு இருப்பா? மூணு பேரும் இங்கதான இருக்கோம்" என்றாள் மார்லிஸ்.

இறங்கிப் போய்ப் பார்த்தான். துப்பாக்கி சுவரில் தொங்கியது. போல்ட் இல்லை. காயாத எண்ணெயின் மேல் நாலு விரல் பதிந்திருந்தது. சின்ன விரல்கள். அவன் விரலில் பாதிதான் இருக்கும். நிலவறையில் எப்போதும் எண்ணெயும் இரும்புமாக நாறும். அன்றைக்கு ஏலக்காய் மணம் வந்தது. ஏலக்காய் போட்டுச் சுடுகிற இனிப்பு ரொட்டியின் மணம்... மார்லிஸ் அந்த ரொட்டியைச் சுடுவதே இல்லை.

மார்லிஸ்தான் முன்னாலேயே பார்த்துவிட்டு எடுத்து ஒளித்திருக்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். சத்தம் என்னவோ கணப்பு எந்திரம் போட்ட சத்தமாக இருக்கும். மறுநாள் காலையில் அவள் மாவு டின்னுக்குள் கையை விட்டாள்.

"வெண்டல், இது என்ன கூத்து? மாவு எடுத்தா இரும்பு வருது. இது கிடைச்சத நீ என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீதான ஒளிச்சு வெச்ச."

"நானா? இது இந்த வீட்ல இருக்கறதே எனக்கு இப்பதான் தெரியும்."

அவள் முகத்தைப் பார்த்தான். இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிற முகம். அவள் பொய் சொல்லவில்லை.

நிலவறையிலேயே இருந்த இரும்புப் பெட்டிக்குள் போல்ட்டை வைத்து, எண்ணைத் திருகிப் பூட்டினான். அந்த எண் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சாயங்காலம் மறுபடி அதே நேரம். க்ளக்... சர்ர்ர்... டக். ஓடிப்போய்ப் பார்த்தான். பெட்டி பூட்டியபடியே இருந்தது. திறந்தான். மற்ற துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. போல்ட் வைத்த இடம் காலி.

காலையில் பனியைத் தள்ளப் போகலாமென்று பூட்ஸுக்குள் காலை விட்டான். விரலில் இடித்தது. சில்லென்று இரும்பு.

அப்போதுதான் அவனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. ஆர்விட் தன்னை ஏமாற்றுகிறானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தானாம். அப்படியே இருந்தால்கூட நல்லது என்று தோன்றியதாம். அது உயிரோடு இருக்கிற மனுஷன் செய்கிற வேலையாக இருந்தால் போதும் என்று.

பெட்டியின் எண்ணை மாற்றினான். போல்ட்டை உள்ளே வைத்தான். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே ஒரு நாற்காலியைப் பெட்டிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டான். எவன் வந்தாலும் பார்த்துவிடுகிறேன் என்று.

விளக்கு எரிந்தது. மாடியில் ஆர்விட் நடக்கிற சத்தம் கேட்டது. சமையலறையில் மார்லிஸ் பாத்திரம் கழுவினாள். எல்லாம் எப்போதும் போலத்தான்.

பெட்டி அசையவில்லை. பூட்டு அசையவில்லை. அவன் கண்ணை எடுக்கவில்லை.

சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் வந்தது. சுவரிலிருந்து. போல்ட்டே இல்லாத அந்தத் துப்பாக்கியிலிருந்து.

க்ளக்...

சர்ர்ர்...

டக்.

கழுத்தின் பின்னால் குளிர்ந்த காற்று பட்டது. ஏலக்காய் மணம் குப்பென்று ஏறியது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறான், கழுத்து திரும்பவில்லை. பிறகு மரப்படி முனகியது. யாரோ ஏறுகிறார்கள். ஒரு படி. நின்று மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இடைவெளி. இன்னொரு படி... வயசானவர்கள் ஏறுவது போல.

சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவனால் எழ முடிந்தது. துப்பாக்கி சுவரில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தான். போல்ட் இல்லை. படிகளில் வெள்ளையாக ஏதோ சிந்தியிருந்தது. தொட்டுப் பார்த்தான். மாவு.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் சவுனா. கொல்லையில் தனியாக மர அறை கட்டி, கல்லைச் சுடவைத்து ஆவியில் குளிப்போம். அதற்காக மார்லிஸ் அடுப்புச் சாம்பலை அள்ளப் போனவள், சாம்பல் வாளியோடு அப்படியே திரும்பி வந்தாள். வாளியை வெண்டலின் முன்னால் வைத்தாள்.  உள்ளே, சாம்பலில் பாதி புதைந்து, போல்ட்.

"இத வீட்ட விட்டு அனுப்பு" என்றாள். "யாரு கேட்டாலும் குடு. கேக்கலன்னா ஏரியில போடு."

"நாளைக்கு சர்ச் விருந்துக்கு எலெய்ன் வருவா. அவகிட்டயே குடுத்துடறேன். கட்டையையும் அப்புறம் குடுத்துடலாம்."

அந்த ராத்திரி போல்ட்டைத் தன் சட்டைப் பையிலேயே போட்டு, பொத்தானை மாட்டி, சட்டையோடு படுத்தான். சாயங்காலமும் சத்தமில்லை, ராத்திரியும் ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தொட்டுப் பார்த்தான். இருந்தது.

அன்று ஆர்விட் எழுந்து முகம் மழித்திருந்தான். மூன்று மாதத்தில் முதல் தடவை. மத்தியானம் தன் தூண்டிலைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தான். அப்பா அவனுக்கு வாங்கிக் கொடுத்த தூண்டில்.

"நீ வெச்சுக்கண்ணே. எனக்கெதுக்கு?"

"ஏன்டா, வசந்தத்துல நீ மீன் பிடிக்கப் போகமாட்டியா?"

"உன்கிட்ட இருந்தா என்ன, என்கிட்ட இருந்தா என்ன?" என்று சிரித்தான்.

தம்பி சிரித்ததே வெண்டலுக்குப் பெரிய ஆறுதல். 'பையன் தேறிட்டான்' என்று மார்லிஸிடம் கிசுகிசுத்தான். அவள் அந்தத் தூண்டிலையே பார்த்தாள்.

புறப்படும்போது, "நீயும் வாடா, பேஸ்டி சூடா கிடைக்கும்" என்றான். கறியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுடுவது, ஆர்விடுக்கு உயிர்.

"நீங்க போங்க. தலை வலிக்குது. சீக்கிரம் படுக்கறேன்."

சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம். மார்லிஸ் பரிமாறப் போய்விட்டாள். எலெய்ன் ஒரு மூலை மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெண்டல் எதிரே போய் உட்கார்ந்தான். குனிந்தபோது சட்டைப் பை மேஜை விளிம்பில் இடித்தது. கனமாக, டங்கென்று. இருக்கிறது.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றான். "அந்த போல்ட் எனக்குக் கிடைச்சிடுச்சு."

எலெய்னின் கையிலிருந்த முள்கரண்டி நின்றது. "எங்க இருந்துச்சு?"

"கொழுப்பு டின்ல. தப்புதான், அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஆனா அது என் வீட்ல இருக்கமாட்டேங்குது. எங்க வெச்சாலும் காணாமப் போய் வேற எங்கயோ கிடைக்குது. மொதல்ல மாவு டின்ல..."

அவள் முகம் வெளுத்தது.

"அப்புறம் பூட்ஸ்லயா?" என்றாள்.

வெண்டல் தலையை ஆட்டினான்.

"அப்புறம் சாம்பல் வாளியில. சவுனா சாம்பல் வாளியில" என்றாள் அவளே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா போர்லருந்து வந்ததுலருந்து சரியா இல்ல. சாயங்காலமானா கீழ போய் அந்தத் துப்பாக்கிய மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பார். அஞ்சரைக்கு சுரங்கத்துலருந்து வருவார். அதுக்கு முன்னாடியே அம்மா ஏலக்கா ரொட்டி சுட்டுட்டு, அந்த மாவுக் கையோட கீழ போய் போல்ட்ட உருவி ஒளிச்சிடுவா. மொதல்ல மாவு டின். அப்பா கண்டுபிடிச்சிட்டார். அப்புறம் பூட்ஸ். அதையும் கண்டுபிடிச்சார். அப்புறம் சாம்பல் வாளி. அதையும்."

"கடைசியா?" என்றான் வெண்டல். "கடைசியா எங்க வெச்சாங்க?"

எலெய்ன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அவரோட தலையணைக்குள்ளயே வெச்சுத் தெச்சுட்டா. தன் தலையணைய யாரு கிழிச்சுப் பாப்பான்னு. ஆனா அன்னிக்கு அவர், தலை வலிக்குது, சீக்கிரம் படுக்கறேன்னார். சாஞ்சதும் தலையில இடிச்சிருக்கு. அவர் போனப்புறம்தான் அம்மா அதக் கொழுப்புல புதைச்சிருக்கணும்..."

வெண்டலின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

பொத்தான் போட்டபடியே இருந்தது.

பை தட்டையாக இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தேகால்.

மார்லிஸைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். அவள் மாவு படிந்த ஏப்ரனோடு வண்டியில் ஏறினாள். ஏரியிலிருந்து பனி அடித்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மார்லிஸ் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுடா. எடுடா, ஆர்விட்" என்று அவள் முனகிக்கொண்டே வந்தாள். வெண்டல் அந்தத் தூண்டிலை நினைத்தானாம். அந்தச் சிரிப்பை நினைத்தானாம். எண் பொருந்திவிட்டது என்று தான் குதித்ததையும் நினைத்தானாம்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே ஏலக்காய் மணம்.

நிலவறைச் சுவரில் துப்பாக்கி இல்லை.

மாடிக்கு ஓடினான். படுக்கை காலி. தலையணை கட்டிலின் நடுவில் கிடந்தது. தையல் பிரிந்திருந்தது. உள்ளே பஞ்சில், ஒரு சாண் நீளத்துக்கு எண்ணெய்க் கறை.

"வெண்டல்" என்று கீழேயிருந்து மார்லிஸ் கூப்பிட்டாள். "சவுனாவுல வெளிச்சம்."

கொல்லைக் கதவைத் திறந்தார்கள். புதுப் பனி. அதில் ஆர்விடின் பூட்ஸ் தடம் சவுனாவுக்குப் போயிருந்தது.

பக்கத்தில் இன்னொரு தடம்.

சிறியது.

செருப்பில்லாத கால்.

அது வீட்டிலிருந்து தொடங்கவில்லை. கொல்லையின் நடுவில், வெறும் பனியில் தொடங்கியிருந்தது.

வெண்டல் தம்பியின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினான்.  சவுனாக் கதவை இழுத்தான்.

ஆர்விட் கீழ்ப்பலகையில் உட்கார்ந்திருந்தான்.

மடியில் துப்பாக்கி.

வெண்டல் முதலில் பார்த்தது அதன் முதுகை. போல்ட் இருக்க வேண்டிய இடம் பள்ளமாக, வெறுமையாக இருந்தது.

அப்படியே தரையில் சரிந்து தம்பியின் முழங்காலைக் கட்டிக்கொண்டான். ஆர்விட் அழவில்லை. கனவிலிருந்து எழுந்தவன் மாதிரி விழித்தான். மூடியிருந்த கையைத் திறந்தான். உள்ளே ஒரே ஒரு தோட்டா. அது அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. மார்லிஸ் முன்னால் வந்து அதை எடுத்துக்கொண்டாள். அவனுடைய வலது மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. நாலு விரல் அடையாளம்.

"மார்லிஸ் எங்க போனா?" என்றான் ஆர்விட். "இப்பதான வெளிய போனா."

"உன் முன்னாடிதான்டா நிக்கறா. என்கூட இப்பதான் வந்தா."

அவன் மார்லிஸை நிமிர்ந்து பார்த்தான். 

"அப்ப என் கையைப் பிடிச்சது யாரு?"

வெண்டல் அந்த மாவு அடையாளத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"நான் எல்லாத்தையும் மாட்டிட்டேண்ணே. கண்ண மூடிட்டேன். பின்னாடிலருந்து ஒரு கை வந்துச்சு. ஐஸ் மாதிரி. என் கைய எடுத்து அப்பால வெச்சிட்டு, போல்ட்ட மெதுவா உருவுச்சு. ஏன் மார்லிஸ்னு கேட்டேன். பதில் சொல்லல. ஒரு பேரு மட்டும் சொன்னா. ரெண்டு தடவ."

"என்ன பேரு?"

"வெய்க்கோ" என்றான். "யாருண்ணே அது?"

அன்றைக்கே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ஆறு வாரம் அங்கே இருந்தான். வெண்டல் ஒரு நாள் தவறாமல் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தான். ஆர்விட் திரும்பி வந்தபோது முதலில் கேட்டது தன் தூண்டிலை.

போல்ட்டைத் தேடினார்கள். மாவு டின், பூட்ஸ், சாம்பல் வாளி, தலையணை எல்லாம். சவுனாவின் பலகைகளையே பெயர்த்துப் பார்த்தார்கள். பனி உருகிய பிறகு கொல்லையை நானே இரும்பு கண்டுபிடிக்கிற கருவியோடு சுற்றி வந்தேன். ஆணிகள்தான் கிடைத்தன.

மே மாதம் மண் இளகியது. ஹெல்மியைப் புதைக்க ஆள் போதவில்லை என்று எலெய்ன் கேட்டாள். பெட்டி தூக்க ஆறு பேர் போனோம். வெண்டலும் நானும் கால் பக்கம். தலைப் பக்கம் ஆர்விட். அவனாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

சவ அடக்கம் நடத்துகிற ஈமக்காரர், டிசம்பரில் தான் பூட்டிய கல்கட்டிடத்தைத் திறந்தார். பூட்டில் துருவேறிச் சாவியே திரும்பவில்லை. எண்ணெய் விட்டுத்தான் திறக்க முடிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினோம். சரிவில் தலைப் பக்கம் தாழ்ந்தது.

அப்போதுதான் நான் கேட்டேன்.

பெட்டிக்குள்.

க்ளக்... சர்ர்ர்...

எங்கள் கைக்கடியிலிருந்து புறப்பட்டு, பெட்டியின் நீளம் முழுக்கச் சரிந்து போய், ஆர்விடின் கைக்கு நேராக நின்றது.

டக்.

ஆறு பேரும் நின்றுவிட்டோம்.  பகல் பதினோரு மணி, நல்ல வெயில். 

ஈமக்காரர் ஓடி வந்தார். "என்ன சத்தம் அது? நான்தாங்க மூடினேன். பாட்டுப் புத்தகம் ஒண்ணத் தவிர உள்ள ஒண்ணும் வைக்கல. திறந்து பாத்துடலாமா?"

எலெய்ன் எங்கள் எல்லோரையும் பார்த்தாள். பிறகு ஆர்விடை மட்டும் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். "அம்மாகிட்டயே இருக்கட்டும். இனிமே ஒளிக்கறதுக்கு இடம் தேட வேண்டாம்."

இறக்கிவிட்டு மண் போட்டோம். புத்தகம் சரிந்தால் அப்படிச் சத்தம் வராது. முப்பது வருஷமாக நான் இரும்பைக் கையில் பிடித்தவன். 6218 என்ற எண் வெட்டிய அந்தத் துப்பாக்கியை எலெய்ன் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை; அது இன்னும் வெண்டலின் நிலவறைச் சுவரில் தொங்குகிறது. வேறு போல்ட் வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்று புது ஆட்கள் சொன்னால், எண் பொருந்தாது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவான். ஆர்விட் போன வாரம் எனக்கு இரண்டு பெரிய மீன் கொண்டுவந்து கொடுத்தான். மீனை வாங்கும்போது அவன் வலது மணிக்கட்டைப் பார்த்தேன். நாலு விரல் பட்ட இடத்தில் மட்டும் இன்னும் வெயில் ஏறவில்லை. வெள்ளையாகவே இருக்கிறது.